ஸ்டெபிலைசருக்குப் பின்னால் வோல்டேஜ் பார்ப்பது: ஐசியூ செடேஷனும் பிபி கணக்கும்

டெக்ஸ்மெடிடோமிடின் என்ற செடேஷன் மருந்து ஐசியூ நோயாளிகளில் எத்தனை பேருக்குப் பிபியை இறக்கும்? சாதாரண கேள்விதான். அமெரிக்காவில் அந்த மருந்தோடு வரும் லேபிளையே எடுத்துப் பாருங்க. குறுகிய நேர ஐசியூ செடேஷன் சோதனைகளைத் தொகுத்த அட்டவணையில் சுமார் 25 சதவீதம் என்று இருக்கும். அதே லேபிளில் நீண்ட நேர செடேஷனுக்கான அட்டவணையில் 56 சதவீதம். லேபிளை மூடி வைத்துவிட்டு 2012-இல் ஜாமா இதழில் வந்த மிடெக்ஸ் சோதனைக்குப் போனால் 20.6 சதவீதம். 2019-இல் கிட்டத்தட்ட 4000 பேரைச் சேர்த்து நடந்த ஸ்பைஸ் 3 சோதனையின் பாதகவிளைவுப் பட்டியலில் ஒற்றை இலக்கம்தான்.

மருந்து ஒன்றேதான். எண் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது.

ஒப்பீட்டுக்கு எடுத்த மருந்தையும் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். லேபிளில் இருக்கும் அந்த 56 சதவீதம் செட்காம் என்ற சோதனையிலிருந்து வந்தது, 2009-இல் இதுவும் ஜாமாவில் வெளியானது. அதில் மிடஸோலம் வாங்கியவர்களிலும் 56 சதவீதம் பேருக்குத் தாழ் பிபி. அதாவது வித்தியாசமே இல்லை. மிடெக்ஸிலும் அதே இரண்டு மருந்துகள்தான் மோதின. அங்கே டெக்ஸ்மெடிடோமிடின் 247 பேரில் 51 பேர், மிடஸோலம் 250 பேரில் 29 பேர்: 20.6-க்கு எதிராக 11.6. ஏறக்குறைய இரண்டு மடங்கு, புள்ளியியல்படியும் அர்த்தமுள்ள வித்தியாசம். ஒரு தாள் சமம் என்கிறது, இன்னொன்று இரட்டிப்பு என்கிறது. இந்த மாதிரி எண்களை ஒரே படத்தில் வரிசையாக அடுக்கி, சராசரி எடுத்து, "இந்த மருந்து அந்த மருந்தைவிட இத்தனை மடங்கு பிபியை இறக்கும்" என்று ஒரு வரியில் முடிக்கிற தொகுப்பாய்வுகளோடுதான் எனக்குச் சண்டை. அந்த ஒரு வரிதான் ஐசியூவில் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறவர் மனசில் போய் உட்காருகிறது.

முதலில் வரையறையைப் பார்ப்போம். செட்காமில் தாழ் பிபி என்றால், மேல் பிபி 80-க்குக் கீழே, அல்லது கீழ் பிபி 50-க்குக் கீழே, அல்லது மருந்து தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிட 30 சதவீதம் குறைந்தது. இந்த மூன்றாவது "அல்லது" இருக்கே, அதுதான் வினை. வென்டிலேட்டர் குழாய் தொண்டையில் இருக்க, பயத்தில் கையை உதறிக்கொண்டு இருக்கும் ஒருவருக்கு மேல் பிபி 150. செடேஷன் ஏறியதும் அமைதியாகி 105-க்கு வருகிறார். படுக்கைப் பக்கம் நிற்கும் நர்ஸுக்கு அது நிம்மதி. அட்டவணையில் அது ஒரு "தாழ் பிபி நிகழ்வு". வயதானவர்களில் கீழ் பிபி 50-க்குக் கீழே இறங்குவதும் அபூர்வமில்லை. இப்படி வலையை அகலமாக விரித்தால் இரண்டு பக்கமும் பாதிப் பேருக்கு மேல் மாட்டுவார்கள். அதற்குப் பிறகு இரண்டு மருந்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிய இடமே இல்லை.

அதே சோதனையில் "சிகிச்சை தேவைப்பட்ட தாழ் பிபி" என்று எண்ணினால் 28-க்கு 27 சதவீதம். இங்கேயும் சமம்தான், ஆனால் எண்ணிக்கை பாதியாகிவிட்டது. பதிவான நிகழ்வுகளில் பாதிக்கு யாரும் எதுவும் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? அதே தாளில் இன்னொரு வரியும் இருக்கு, அதை யாரும் அவ்வளவாக மேற்கோள் காட்டுவதில்லை: சிகிச்சை தேவைப்பட்ட உயர் பிபி டெக்ஸ்மெடிடோமிடின் பக்கம் 18.9 சதவீதம், மிடஸோலம் பக்கம் 29.5 சதவீதம். பிபி பரவல் முழுவதையுமே மருந்து கொஞ்சம் கீழே நகர்த்தியிருக்கலாம். பரவலின் ஒரு நுனியை மட்டும் வெட்டி எண்ணிவிட்டு அதற்குப் பாதகம் என்று பெயர் வைத்தால் எப்படி?

மிடெக்ஸைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்லணும். யாருக்கு எந்த மருந்து போகிறது என்று தெரியாதபடி, போலி மருந்தும் சேர்த்து ஓட்டி, சிரமப்பட்டு நடத்திய சோதனை அது. அதனால் 20.6-க்கு 11.6 என்பதை லேசாகத் தள்ளிவிட முடியாது. இதயத்துடிப்பு குறைவதும் 14.2-க்கு 5.2 சதவீதம், அது இந்த மருந்தின் நிஜமான குணம். அதே தாளில் டெக்ஸ்மெடிடோமிடின் பக்கம் வென்டிலேட்டரில் இருந்த நேரம் இடைநிலையில் 123 மணி, மிடஸோலம் பக்கம் 164 மணி என்பதும் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளிலும் எனக்கு வேண்டிய பதில் இல்லை. ஏன் என்று சொல்ல ஐசியூவில் பிபி என்றால் என்ன என்பதற்குப் போகணும்.

மருந்துகள் என்ன செய்கின்றன என்பது சுருக்கமாக. புரொபோஃபால் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும். சிரைகள் தளர்ந்தால் ரத்தம் அங்கேயே தேங்கி, இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும். பிபி இறங்கினால் துடிப்பு கூடி ஈடுகட்டும் அனிச்சையையும் அது மழுங்கடிக்கும். டெக்ஸ்மெடிடோமிடின் வேறு வழி. மூளைத்தண்டில் பரிவு நரம்புகளின் முறுக்கைக் குறைக்கிறது. ஆனால் ஆரம்ப டோஸை மொத்தமாகக் கொடுத்தால் உடம்பின் ஓரத்துக் குழாய்களைச் சுருக்கி முதலில் பிபியை ஏற்றும், துடிப்பைக் குறைக்கும், அப்புறம்தான் இறக்கும். மிடஸோலம் பிபி விஷயத்தில் இவற்றைவிட மென்மை, ஆனால் நாள்கணக்கில் ஓடினால் உடம்பில் சேரும், சிறுநீரகம் கெட்டிருந்தால் இன்னும் சேரும். வென்டிலேட்டர் மார்புக்குள் தள்ளும் அழுத்தமும் ரத்தம் இதயத்துக்குத் திரும்புவதைத் தடுக்கும் என்பதால், பிபி இறங்கினால் பழி முழுக்க மருந்துக்குப் போகக் கூடாது.

இனி விஷயத்துக்கு. ஷாக்கில் இருக்கும் நோயாளிக்கு செடேஷன் பம்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு சிரிஞ்ச் பம்ப் ஓடும். அதில் நார்அட்ரினலின். நர்ஸுக்கான உத்தரவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: சராசரி பிபியை 65-க்கு மேலே வை. 62 என்று வந்தால் நார்அட்ரினலினைக் கூட்டுவார். 80 என்று வந்தால் குறைப்பார். அதாவது மானிட்டரில் தெரியும் பிபி உடம்பு தானாகக் காட்டும் எண் அல்ல. ஒரு ஆள் கட்டுப்பாட்டுச் சுற்றில் உட்கார்ந்து பிடித்து வைத்திருக்கும் எண்.

வீட்டில் ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைத்திருப்போம். தெருவில் வோல்டேஜ் 160-க்கு விழுந்தாலும் ஸ்டெபிலைசருக்குப் பின்னால் 220 பக்கம்தான் இருக்கும். அந்த 220-ஐ அளந்துவிட்டு "இந்தத் தெருவிலும் அந்தத் தெருவிலும் கரண்ட் ஒரே மாதிரி" என்று எழுதினால் சிரிப்பார்கள். லைன் எவ்வளவு மோசம் என்று தெரியணும்னா ஸ்டெபிலைசர் எவ்வளவு தூக்கிக் கொடுக்கிறது என்று பார்க்கணும். ஐசியூவில் அந்தத் தூக்கல்தான் நார்அட்ரினலின் டோஸ். இரண்டு செடேஷன் மருந்துகளில் ஒன்று பிபியை இரண்டு மடங்கு இறக்கினாலும், நர்ஸ் கவனமாக இருந்தால் இரண்டு குழுவின் சராசரி பிபியும் ஒன்றாகவே வரும். வித்தியாசம் பக்கத்து பம்பில் ஒளிந்திருக்கும். பிபியை மட்டும் ஒப்பிடும் தாள்கள் அளப்பது பெரும்பாலும் நர்ஸின் வேகத்தை.

சுற்றுக்கு வெளியே வந்து பார்த்த ஒரு ஆய்வு இருக்கு. ஆண்ட்ரியா மொரெல்லி குழுவினர் இத்தாலியில் செய்தது, 2019-இல் வந்தது. செப்டிக் ஷாக்கில், ஆழமான செடேஷனில் இருந்த 38 பேர். எல்லோருக்கும் முதலில் புரொபோஃபால். பிறகு அதை நிறுத்தி டெக்ஸ்மெடிடோமிடின். பிறகு மறுபடி புரொபோஃபால். செடேஷன் ஆழத்தையும் சராசரி பிபி இலக்கையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, நார்அட்ரினலின் எவ்வளவு தேவைப்பட்டது என்று அளந்தார்கள். புரொபோஃபாலில் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 0.69 மைக்ரோகிராம். டெக்ஸ்மெடிடோமிடினுக்கு மாற்றி நாலு மணி நேரத்தில் 0.30. திரும்பப் புரொபோஃபாலுக்கு வந்து எட்டு மணி நேரத்தில் 0.42.

இந்த மூன்று எண்களை நிதானமாகப் படிக்கணும். "பிபியை இறக்கும் மருந்து" என்று பெயர் வாங்கிய ஒன்றுக்கு மாற்றியபோது, பிபியைத் தாங்க வேண்டிய தேவை பாதிக்கும் கீழே போயிருக்கிறது. நோயாளி தானாகத் தேறிக்கொண்டிருந்ததால் குறைந்தது என்று சொல்லலாம், உடனே தோன்றுகிற எதிர்வாதம் அதுதான். ஆனால் திரும்ப மாற்றியதும் எண் மறுபடி ஏறுகிறதே. மென்பொருளில் ஒரு மாற்றத்தைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி. அதே சமயம் 0.69-க்கு முழுசாகத் திரும்பவில்லை, 0.42-இல் நின்றது. தேறுதலும் பங்கு வாங்கியிருக்கலாம், முந்தைய மருந்து உடம்பில் மீந்திருந்ததும் காரணமாகலாம்.

எனக்கு அந்தத் தாளிலும் இரண்டு முனகல் உண்டு. 0.69-க்கு விலகல் 0.72 என்று போட்டிருக்கிறார்கள். சராசரியைவிட விலகல் பெரிசு என்றால், மிக அதிக டோஸில் இருந்த சிலர் சராசரியை இழுத்திருக்கிறார்கள். 38 பேருக்கு 38 கோடு வரைந்து காட்டுவதுதான் நேர்மையான படம். இரண்டாவது முனகல் பெரியது. இந்த முடிவை "டெக்ஸ்மெடிடோமிடின் ரத்தக்குழாய்களுக்கு நார்அட்ரினலினைக் கேட்கும் திறனைத் திருப்பித் தருகிறது" என்றும் படிக்கலாம், "புரொபோஃபால் என்ற சுமை இறங்கியது, அவ்வளவுதான்" என்றும் படிக்கலாம். ஆய்வாளர்களுக்கு முதல் வாசிப்பில் ஆர்வம், அதற்கு விலங்கு ஆய்வுகளின் ஆதரவும் இருக்கு. ஆனால் மூன்றாவது மருந்து ஒன்றை, சும்மா மிடஸோலத்தையாவது, நடுவில் வைக்காமல் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

ஸ்பைஸ் 3-இன் ஒரு பகுதியை எடுத்து இதே கேள்வியைக் கேட்ட ஆய்வு 2020-இல் வந்தது. இரண்டு மருத்துவமனைகள், செப்டிக் ஷாக்கில் 83 பேர். நார்அட்ரினலினுக்குச் சமமான டோஸை மட்டும் பார்த்தபோது தெளிவான வித்தியாசம் இல்லை. அந்த டோஸை அப்போதைய சராசரி பிபியால் வகுத்து, "ஒரு அலகு பிபிக்கு எவ்வளவு மருந்து செலவு" என்று பார்த்தபோது டெக்ஸ்மெடிடோமிடின் பக்கம் குறைவாக வந்தது. இந்த வகுத்தல் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்டெபிலைசரின் இரண்டு பக்கத்தையும் ஒரே கணக்கில் கொண்டுவருகிறது. ஆனால் 83 பேர் என்பது கொஞ்சம், அதுவும் பெரிய சோதனையிலிருந்து பின்னால் வெட்டி எடுத்த துண்டு.

பெரிய சோதனையான ஸ்பைஸ் 3-க்கே வருவோம். அதில் 90 நாள் இறப்பு இரண்டு பக்கமும் 29.1 சதவீதம். பாதகவிளைவாகப் பதிவான தாழ் பிபியும் குறைந்த துடிப்பும் டெக்ஸ்மெடிடோமிடின் பக்கம் கூடுதல். இங்கே ஒரு சின்ன விஷயம் கவனிக்கணும்: யாருக்கு எது போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், மறைக்கவில்லை. வழக்கமான சிகிச்சைப் பக்கத்தில் பெரும்பாலும் புரொபோஃபால். புரொபோஃபாலில் பிபி இறங்கினால் அது ஐசியூவின் அன்றாடம், நார்அட்ரினலினை ஒரு புள்ளி ஏற்றிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவார்கள். சோதனை மருந்தில் இறங்கினால் படிவம் நிரப்புவார்கள். இதில் யார் மேலும் தப்பு இல்லை, மனித இயல்பு. ஆனால் அந்தப் படிவங்களின் எண்ணிக்கையை மருந்தியல் உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போதாததுக்கு, டெக்ஸ்மெடிடோமிடின் குழுவிலேயே முதல் இரண்டு நாளில் 64 சதவீதம் பேருக்குப் புரொபோஃபாலும் சேர்ந்து ஓடியது. இறங்கிய பிபியை எந்தக் கணக்கில் எழுதுவது?

நான் டெக்ஸ்மெடிடோமிடினுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். துடிப்பு குறைவது நிஜம். ஸ்பைஸ் 3-இல் வயது குறைந்தவர்களின் இறப்பு கூடுதலாகத் தெரிந்ததால், 65 வயதும் அதற்குக் கீழும் உள்ள ஐசியூ நோயாளிகள் பற்றி 2022-இல் ஐரோப்பாவில் மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே போனது. இந்த மருந்தைப் பற்றிப் பயப்பட காரணங்கள் இருக்கு. பிபி அட்டவணை அதில் ஒன்றாக இருக்கத் தகுதியானதா என்பதுதான் என் கேள்வி.

சோதனை வேண்டாம், மருத்துவமனைத் தரவிலிருந்தே கண்டுபிடிக்கலாமே என்று என்னைப் போன்ற கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஆசை வரும். பாஸ்டனின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையின் ஐசியூ தரவு மிமிக் என்ற பெயரில், ஒரு நெறிமுறைப் பயிற்சியை முடித்தால் யாருக்கும் கிடைக்கிறது. பம்ப் எப்போது தொடங்கியது, எந்த வேகம், எப்போது நின்றது எல்லாம் ஒரு அட்டவணையில், பிபி இன்னொரு அட்டவணையில். இரண்டையும் இணைத்து ஒரு கோடு வரைய ஒரு ராத்திரி போதும். அதனாலேயே அபாயம்.

ஏன்னா இங்கே சுற்று ஒன்றல்ல, இரண்டு. பிபி இறங்கினால் நர்ஸ் நார்அட்ரினலினை ஏற்றுவது மட்டுமில்லை, செடேஷனையும் குறைப்பார். ஆக, பிபி நன்றாக இருப்பவர்களுக்கு அதிக புரொபோஃபால் போகும், மோசமாக இருப்பவர்களுக்குக் குறைவாகப் போகும். அப்படியே கோடு வரைந்தால் டோஸ் கூடக் கூட பிபி கூடுவது போல வரலாம். புரொபோஃபால் பிபியை ஏற்றுகிறது என்று யாரும் எழுத மாட்டார்கள், அபத்தம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இதே சார்பு, தெரிகிற அளவுக்குப் பெரிதாக இல்லாமல், புரொபோஃபாலைச் சாதுவாக மட்டும் காட்டினால்? அது அப்படியே தாளாகிவிடும். மருந்துத் தேர்விலும் இதே கதை. பிபி ஏற்கனவே தள்ளாடும் நோயாளிக்கு மருத்துவர் புரொபோஃபாலைத் தவிர்த்து மிடஸோலமோ கீட்டமினோ போடுவார். அப்புறம் தரவில் மிடஸோலம் குழுவின் பிபி மோசமாகத்தான் இருக்கும்.

பிபி எண்ணிலும் பொறி உண்டு. மிமிக்கில் தமனிக்குள் குழாய் வைத்து அளந்த சராசரி பிபிக்கு 220052 என்ற குறியீடு, கைப்பட்டையில் அளந்ததற்கு 220181. தமனிக் குழாய் யாருக்கு வைப்பார்கள்? நிலை தள்ளாடுபவர்களுக்கு. முதலாவதை மட்டும் எடுத்தால் நோய் முற்றியவர்களை மட்டும் எடுத்த மாதிரி. இரண்டையும் கலந்தால், ஒரே நோயாளிக்கு நடுவில் கருவி மாறும்போது பிபி மாறியது போல ஒரு படி தெரியும்.

நேரச் சாளரமும் நடுநிலை இல்லை. புரொபோஃபால் சில நிமிடங்களில் வேலையைக் காட்டும். டெக்ஸ்மெடிடோமிடினின் அரை ஆயுள் சுமார் இரண்டு மணி நேரம். ஆரம்ப டோஸ் இல்லாமல் ஓடவிட்டால் இறுதி அளவின் பாதிக்கு வரவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும், முக்கால்வாசிக்கு இன்னொரு இரண்டு மணி. "பம்ப் தொடங்கிய முதல் மணி நேரத்தில் பிபி எவ்வளவு இறங்கியது" என்று ஒப்பிட்டால் மெதுவான மருந்து நல்லபிள்ளையாகத் தெரியும். பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்தால் வேகமான மருந்தின் முதல் பள்ளம் சராசரியில் கரைந்துவிடும். சாளரத்தை எப்படித் தேர்ந்தார்கள் என்று ஒரு பத்தியாவது எழுதாத தாளை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

சரி, நார்அட்ரினலின் டோஸை எல்லாத் தாளிலும் போட்டுவிட்டால் தீர்ந்ததா என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கு. நார்அட்ரினலின் ஆம்பியூலில் இருப்பது டார்ட்ரேட் உப்பு. சில நாடுகளில் டோஸை உப்பின் எடையில் எழுதுகிறார்கள், சில நாடுகளில் மூலமருந்தின் எடையில். உப்பு 2 மில்லிகிராம் என்றால் மூலமருந்து சுமார் 1 மில்லிகிராம். ஒரு நாட்டுத் தாளின் 0.4-உம் இன்னொரு நாட்டுத் தாளின் 0.2-உம் ஒரே டோஸாக இருக்கலாம், எந்தக் கணக்கு என்று பல தாள்கள் சொல்வதே இல்லை. மொரெல்லியின் 38 பேர் இந்தச் சிக்கலில் மாட்டவில்லை, ஒவ்வொருவரும் தன்னோடு தானே ஒப்பிடப்பட்டதால். தாள்களுக்கு நடுவே சராசரி எடுப்பவர்கள் மாட்டுவார்கள்.